555 புத்தகத்தில் தொடங்குங்கள்: வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் தோட்டப்புறத்தில் உணவுக்கு மானியம் கேட்பது எப்படி

மானியப் பாரத்தைக் கையில் எடுக்கும் முன் உங்கள் ஊர் மளிகைக் கடைக்குப் போய் 555 புத்தகத்தைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் நம் வீடுகள் கடன் சொல்லி வாங்கிய அரிசி, முட்டை, மைலோ எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், லாபிஸ் பக்கத்தில் எங்கள் குழு முதல்முறை விண்ணப்பித்தபோது மூன்று பக்கம் எழுதினோம். "எங்கள் மக்கள் வறியவர்கள், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள், தயவுகூர்ந்து உதவுங்கள்" என்பதையே மூன்று விதமாகச் சொல்லியிருந்தோம். போன வேகத்தில் திரும்பி வந்தது. அடுத்த முறை பத்துப் பதினொரு வீட்டாரிடம் அனுமதி வாங்கி அவர்களுடைய 555 புத்தகங்களைப் புரட்டினோம். பெயரை விட்டுவிட்டு, எந்த மாதம் கடன் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று மட்டும் ஒரு தாளில் கட்டம் போட்டோம். நேர்காணலில் அதிகாரி கையில் எடுத்துப் பார்த்தது அந்த ஒரு தாளைத்தான்.

கோயில் செயலவை, மகளிர் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஏதோ ஒன்றில் செயலாளராகவோ பொருளாளராகவோ சிக்கிக்கொண்டு, "மானியம் இருக்காமே, எழுதிப் போடேன்" என்று சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பசி எந்த வழியாக வருகிறது

நெல் விளையும் ஊரில் வெள்ளம் வந்தால் பயிர் போகும், பயிர் போனால் சோறு போகும். அங்கே கணக்கு நேர்கோடு. நம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டப்புறத்தில் அப்படி இல்லை. கடையில் அரிசி இருக்கும், வாங்கக் கையில் காசு இருக்காது. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், கோலாலம்பூரில் உட்கார்ந்து படிப்பவருக்கு நம் கதை புரியாது.

வெள்ளத்தின் வேகம் உங்களுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2011லும் சிகாமட் வட்டாரம் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் ஜொகூரில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். செம்மண் சாலை மூழ்கினால் குலை வெட்ட ஆள் போக முடியாது, லோரி வராது. குலைக் கணக்கிலும் நாள் கணக்கிலும் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த வாரம் வெறும் வாரம். தண்ணீர் வடிந்த பிறகும் வேலை உடனே தொடங்குவதில்லை.

வறட்சி வேறு விதமாக வரும். செம்பனை சட்டென்று சாகாது. தண்ணீர் இல்லாத மாதங்களில் பெண் பூக்கள் கருகும், ஆண் பூக்கள் கூடும். அதன் பலன் ஆறு மாதம் கழித்தோ, சில வேளை இரண்டு ஆண்டு கழித்தோதான் குலை குறைவாகத் தெரியும். மழை பெய்து எல்லாரும் மறந்த பிறகு சம்பளச் சீட்டில் வறட்சி வந்து நிற்கும். இதை யாரும் பேரிடர் என்று சொல்வதில்லை, நிவாரணமும் கிடையாது. நீங்கள் மானியம் கேட்க மிக வலுவான இடம் இதுதான். எங்கோ பெய்யாத மழையும் நம் அடுக்களைக்கு வரும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலைக் கட்டுப்பாட்டில் இருந்த உள்ளூர் அரிசியைக் கடை கடையாகத் தேட வேண்டியதாயிற்று.

1996இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டின் வரையறையை வைத்து உணவுப் பாதுகாப்புக்கு நான்கு கால்கள் என்பார்கள்: உணவு கிடைப்பது, அதை வாங்க முடிவது, சாப்பிட்டது உடம்பில் சேர்வது, இந்த மூன்றும் ஆண்டு முழுவதும் நிலைப்பது. பாரங்களில் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் கேட்கப்படும். நம் ஊரில் ஆடுவது இரண்டாவது காலும் நான்காவது காலும். அதைச் சொல்லிவிட்டு மற்றவற்றை விடுங்கள். நான்கையும் சரிசெய்கிறோம் என்று எழுதினால் எதையும் செய்யப் போவதில்லை என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

இப்போது கட்டம் போடுங்கள். மேலே 12 மாதம். கீழே வரிசையாக மழை, வேலை நாள், பள்ளிச் செலவு, தீபாவளி, 555 கடன். மழைக் கணக்குக்கு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தில் உங்கள் வட்டார நிலையத்தின் அளவுகள் இலவசமாகக் கிடைக்கும். வேலை நாளுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. கட்டம் நிரம்பியதும் எந்த மாதங்களில் எல்லாம் ஒன்றாக வந்து மோதுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அதுதான் உங்கள் ஊரின் பசி மாதம். அந்த மாதத்துக்குத்தான் மானியம் கேட்கப் போகிறீர்கள்.

மூன்று பை, மூன்று கேள்வி

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. நிவாரணம், கடன், மேம்பாட்டு மானியம் மூன்றும் வெவ்வேறு பைகளிலிருந்து வருகின்றன. ஒரு பைக்குரிய மொழியில் இன்னொன்றைக் கேட்டால் கிடைக்காது.

வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட வீட்டுக்கு அரசாங்கம் தரும் வாங் இஹ்சான் உதவித் தொகை, துயர் துடைப்பு மையத்தில் சமூகநல இலாகா தரும் சாப்பாடு இவையெல்லாம் நிவாரணம். "என்ன இழந்தாய்?" என்பது அதன் கேள்வி. தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டம், அமானா இக்தியார் நிறுவனத்தின் 'பெண்' என்ற திட்டம் இவை கடன். இந்திய வணிகர்களுக்கும் மகளிருக்கும் நல்ல வாய்ப்புத்தான், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும். "எப்படிச் சம்பாதிப்பாய்?" என்று கேட்கும். பொதுக் காய்கறித் தோட்டத்துக்குக் கடன் வாங்கி, வெள்ளம் வந்து, தவணை மட்டும் மிஞ்சி நின்ற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மேம்பாட்டு மானியத்தின் கேள்வி வேறு: "அடுத்த வெள்ளம் வரும்போது என்ன மாறியிருக்கும்?" பாரத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறீர்கள்.

யார் தருவார்கள்

முதலில் யார் தரமாட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஒரு மாதம் மிச்சமாகும். 1974 உலக உணவு மாநாட்டுக்குப் பிறகு 1977இல் தொடங்கிய ஐஃபாட் என்னும் ஐ.நா. வேளாண் மேம்பாட்டு நிதியம் அரசாங்கங்களுக்குக் கடனும் மானியமும் தருவது. பசுமைப் பருவநிலை நிதியம் அங்கீகாரம் பெற்ற பெரிய நிறுவனங்கள் வழியாகத்தான் பணம் விடும். மலேசியா உயர் நடுத்தர வருமான நாடு என்பதால் எத்தியோப்பியாவுக்கும் பங்களாதேஷுக்கும் போகும் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கம் திரும்பாது. அங்கே மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

நம் அளவுக்கு நான் முதலில் சொல்வது ஐக்கிய நாட்டு மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் ஜி.இ.எஃப். (உலகச் சுற்றுச்சூழல் நிதியம்) சிறு மானியத் திட்டம். 1992இல் உலக அளவில் தொடங்கியது. பதிவு பெற்ற சமூக அமைப்புகளுக்கு நேரடியாகத் தரும். நெடுங்காலமாக ஒரு திட்டத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் என்பதே உச்சவரம்பாக இருந்தது. திட்டம் வரையவே ஒரு சிறு தொகை தருவதும் உண்டு. ஆனால் அது சுற்றுச்சூழல் நிதி. "பசிக்கு உணவு" என்று போனால் கதவு திறக்காது. மழைநீர் சேமிப்பு, மண் காப்பு, நாட்டு விதை, பருவநிலை மாற்றத்துக்குத் தாக்குப்பிடிப்பது என்ற பக்கத்திலிருந்து போக வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் செய்யப்போகும் அதே வேலைக்கு அதுவும் உண்மையான பெயர்தான்.

அடுத்து வெளிநாட்டுத் தூதரகங்களின் சிறு நிதிகள். கனடாவின் உள்ளூர் முயற்சிகள் நிதி, ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடித்தட்டு மானியம். ஜப்பானுடையது வழக்கமாக 1 கோடி யென் வரை போகும், பொருளுக்கும் கட்டுமானத்துக்கும் தரும், சம்பளத்துக்குத் தராது. எந்த ஆண்டு எந்த நாடு எதை முன்னிறுத்துகிறது என்பது மாறும். திறந்து சில வாரங்களில் மூடிவிடுவார்கள். ஆகவே கட்டமும் கணக்கும் கையில் தயாராக இருந்தால்தான் பிடிக்க முடியும்.

உள்நாட்டில் விவசாய இலாகாவின் சமூகத் தோட்டத் திட்டம் இருக்கிறது. பெரும்பாலும் பணமாக இல்லாமல் விதை, உரம், கருவி, ஆலோசனை என்று வரும். சிறியது என்று ஒதுக்காதீர்கள். மாவட்ட விவசாய அதிகாரி ஒருமுறை உங்கள் பாத்தியில் நின்று எடுத்த படம் அடுத்த விண்ணப்பத்துக்கு நற்சான்று. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வருகிறது, திட்டங்களின் வகை ஆண்டுதோறும் மாறும். அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறவாரியமான யாயாசான் ஹசானா 2015இலிருந்து சமூக மேம்பாட்டுக்குத் தருகிறது, ஆனால் கணக்கு வழக்கு முதிர்ந்த அமைப்பைத்தான் எதிர்பார்க்கும். முதல் விண்ணப்பமே அங்கே வேண்டாம் என்பது என் கருத்து. தனியார் நிறுவனங்கள் நன்கொடை தரும்போது "44(6) இருக்கிறதா?" என்று கேட்கும். வருமான வரி வாரியத்தின் வரிவிலக்கு அங்கீகாரம் அது. உங்களிடம் இல்லாவிட்டால், இருக்கும் ஓர் அமைப்பின் குடையின் கீழ் போகலாம்.

சங்கம், வங்கி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966 சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். ஏற்கெனவே பதிந்த சங்கமாக இருந்தால் ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவான ஆர்.ஓ.எஸ்.ஸுக்கு ஆண்டறிக்கை போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் இங்கேயே விழுகின்றன, திட்டத்தைப் படிக்கவே மாட்டார்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் இருவர் கையொப்பம் வேண்டும். கணவனும் மனைவியுமாக இருவர் வேண்டாம். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பாரத்தைப் பார்ப்பவர் சொல்வார்.

கூட்டுறவாகப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார். அந்த வழி நம்மவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் பத்துப் பாத்திக்குக் கூட்டுறவு பெரிய சட்டை. முதலில் சங்கமாக நடந்து பழகுங்கள்.

நிலம்: டிசம்பர் 31ஐ மறக்காதீர்கள்

யாருடைய நிலம் என்பதற்குத் தாள் இல்லாமல் எந்த மானியமும் வராது. வாய்வார்த்தை போதாது. அரசு நிலமாக இருந்தால் நில அலுவலகத்தில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுக்க வேண்டும். எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31இல் அது முடிந்துவிடும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு ஓராண்டு உரிமமா என்று கேட்பார்கள். புதுப்பிக்கும் செலவை வரவுசெலவிலும் புதுப்பிக்கும் பொறுப்பாளரைத் திட்டத்திலும் எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. டி.ஓ.எல். நிலத்தில் நிரந்தரக் கட்டடம் கட்டவும் முடியாது. சிமெண்டுத் தளத்துக்குக் காசு கேட்காதீர்கள்.

கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி நிலம் என்றால் நிருவாகத்தின் கூட்டக் குறிப்பில் தீர்மானம் வேண்டும். உயர்மின் கம்பிக்குக் கீழே கிடக்கும் நிலத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் மின்வாரியத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

தோட்ட நிலம்தான் கடினம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மேனேஜரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பழக்கம் நமக்கு. ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தோட்டம் ஆர்.எஸ்.பி.ஓ. என்னும் நிலைத்த செம்பனை எண்ணெய் அமைப்பின் சான்றிதழ் பெற்றதா என்று விசாரியுங்கள். தொழிலாளர்களுக்குப் போதுமான, வாங்கக்கூடிய விலையில் உணவு கிடைக்க நிருவாகம் முயற்சி எடுக்க வேண்டும் என்பது அந்தச் சான்றிதழின் 2018 விதிகளிலேயே இருக்கிறது. தணிக்கைக்கு ஆள் வரும்போது மேனேஜர் எதையாவது காட்டியாக வேண்டும். "உங்கள் தணிக்கைக்குக் காட்ட ஒரு காய்கறித் தோட்டம் தருகிறோம், தொழிலாளர் வீட்டு லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கர் கொடுங்கள்" என்று கடிதம் கொடுங்கள். கெஞ்சுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

தண்ணீர்க் கணக்கு

இங்கே நிதானமாக நில்லுங்கள். நான் பார்த்தவரை தோற்றுப்போன தோட்டங்கள் பெரும்பாலும் தண்ணீரில் தோற்றவை.

1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளத்தில் பத்துப் பாத்தி என்று வையுங்கள். மொத்தம் 72 சதுர மீட்டர். வெயில் காலத்தில் கீரைக்கும் காய்க்கும் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 360 லிட்டர். நாம் எல்லா இடத்திலும் பார்க்கும் 400 கேலன் தாங்கி ஏறத்தாழ 1,800 லிட்டர் பிடிக்கும். ஆக ஒரு தாங்கி ஐந்து நாளைக்குத்தான் வரும். ஏறத்தாழ மூன்று வாரம் மழை இல்லாமல் தாக்குப்பிடிக்க நான்கு தாங்கி வேண்டும். புதியவர்கள் ஒரு தாங்கி கேட்பார்கள், இரண்டாவது வாரமே பாத்தி காய்ந்து கிடக்கும், "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

நான்கு தாங்கியை எதால் நிரப்புவது? ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். சிதறல், ஆவி எல்லாம் போக 80 விழுக்காடு தேறும். கோயில் மண்டபக் கூரை 120 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 960 லிட்டர். நல்ல மாலை மழை ஒன்று 30, 40 மில்லிமீட்டர் சர்வ சாதாரணமாகக் கொட்டும். அப்படி இரண்டு மூன்று மழையில் நான்கு தாங்கியும் நிரம்பிவிடும். இந்தக் கணக்கை அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். நான்கு தாங்கி ஏன் என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். 2016 வறட்சியில் மெர்சிங் பக்கம் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை ஒரு வரியில் சேர்த்துக்கொண்டால் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்பதற்கும் காரணம் சொன்னதாகும்.

மில்லிலிருந்து வரும் காலிச் செம்பனைக் குலையைப் பாத்தி ஓரம் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். கேட்டால் லோரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டே போவார்கள். அதற்குக் காசு கேட்க வேண்டாம்.

வெள்ளத்துக்கும் இதே தாங்கிகள்தான் தலைவலி. காலித் தாங்கி மிதந்து போய்விடும். நிறைந்த தாங்கி நிற்கும், கட்டிய தாங்கி நிச்சயமாக நிற்கும். பம்பை 2023 தண்ணீர்க் கறை சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் பொருத்துங்கள். பையில் தேங்காய் நார்த் தூள் போட்டு, குழாய்வழி உரம் விடும் ஃபெர்த்திகாசி முறையை எல்லாரும் பரிந்துரைப்பார்கள், படத்தில் அழகாகவும் இருக்கும். கரண்டு போனால் இரண்டே நாளில் வாடிவிடும். வெள்ளத்தில் முதலில் போவது கரண்டு. பாதிக்கு மேல் அதில் போடாதீர்கள்.

எதை நடுவது என்பதிலும் இரட்டைக் கணக்கு. மரவள்ளியும் முருங்கையும் வெயிலைத் தாங்கும், வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். அவற்றை மேட்டில் வையுங்கள். சேம்பும் கங்கோங் கீரையும் ஈரத்தை விரும்பும், பள்ளத்தில் வையுங்கள். வெள்ளம் தொட்ட கீரையைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும், கழிவுநீர் கலந்திருக்கும். அதன்பின் கங்கோங் விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். அதற்கான விதையைப் போத்தலில் அடைத்து மேட்டில் இருக்கும் யாராவது ஒருவர் வீட்டில் வைத்திருக்க வேண்டும். பங்களாதேஷின் தாழ்நிலங்களில் ஆகாயத்தாமரையைக் குவித்து மிதக்கும் பாத்தி போடுகிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2015இல் அதை உலக வேளாண் மரபாக ஏற்றது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, நம் வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். ஆனாலும் தண்ணீரோடு சண்டை போடாமல் பயிர் வைப்பது எப்படி என்று பார்க்க நல்ல பாடம்.

வேலியை மறந்துவிடாதீர்கள். தோட்டத்து மாடு, காட்டுப் பன்றி, குரங்கு மூன்றும் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது, எல்லாப் பாத்தியிலும் இருக்கும்.

வரவுசெலவு

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்குங்கள். உங்கள் பங்களிப்பு என்ன என்ற கட்டத்தை "இல்லை" என்று விடாதீர்கள். உடல் உழைப்புக்கும் விலை உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். 12 பேர் பத்து நாள் நிலத்தைத் திருத்தினால் 7,800 ரிங்கிட். அதை எழுதுங்கள், வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் வாங்கி வையுங்கள்.

திறப்பு விழா, டி-சட்டை, பேனர், யாங் பெர்ஹோர்மாட் (மாண்புமிகு) யாருக்கோ பொன்னாடை இதற்கெல்லாம் மானியக் காசு கேட்கக் கூடாது. எங்கள் செயலவையில் இதற்காக இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. டி-சட்டை தோற்றது, இன்னும் சிலர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ரசீதுதான் உயிர். கடைகளில் தரும் வழவழப்பான ரசீது சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

எழுதும்போது

பாரம் மலாயில் இருக்கும், தூதரகம் என்றால் ஆங்கிலத்தில். இருந்தாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். எழுதியதை லயத்துப் பாட்டி ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "இதெல்லாம் எப்போடா நடந்துச்சு?" என்று அவர் கேட்கும் வரிகளை வெட்டுங்கள். பிறகு மொழிபெயர்க்க ஆள் தேடலாம்.

"எங்கள் சமூகத்தின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துவோம்" என்பதில் ஒன்றும் இல்லை. "டிசம்பர் முதல் மார்ச் வரை 30 குடும்பங்கள் வாரம் 2 கிலோ கீரையும் காயும் கடன் சொல்லாமல் பெறும்" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும். முப்பதா இருபதா என்று உங்கள் பாத்திகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். குறைத்துச் சொல்லி நிறைவேற்றுவது நல்லது.

வேலை இல்லாத வாரங்களுக்கு ஒரு வரி சேர்க்கலாம். எத்தியோப்பியாவில் 2005இலிருந்து நடக்கும் பாதுகாப்பு வலைத் திட்டம் பசி மாதங்களில் குளம், மண்வரப்பு வேலை கொடுத்துப் பணமோ தானியமோ தருகிறது. சின்ன அளவில் நாமும் செய்யலாம். மழைக்கு முன் வாய்க்கால் தூர்வார நாள்கூலி என்று வரவுசெலவில் போட்டால் வாய்க்காலும் சுத்தமாகும், அந்த வாரத்து அரிசியும் வந்துவிடும்.

வெள்ளம் வரும் முன்பே பணம் இறங்குவது எப்படி என்றும் யோசியுங்கள். 2020 ஜூலையில் பங்களாதேஷில் உலக உணவுத் திட்டம் ஆற்று முன்னறிவிப்பைப் பார்த்து, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே குடும்பத்துக்கு 4,500 டாக்கா அனுப்பியது. நம் ஆறுகளுக்கும் வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மூன்று எச்சரிக்கை அளவுகள் இருக்கின்றன. வாஸ்பாடா தொட்டதும் காயை அறுத்துப் பங்கிட்டுவிட வேண்டும், தாங்கியை நிரப்பிக் கட்ட வேண்டும். அமாரான் என்றால் பம்பைக் கழற்றி, ஒதுக்கி வைத்த தொகையில் உலர் உணவு வாங்கிவிட வேண்டும். யார் எதைச் செய்வார் என்று பெயர் போட்டு ஒரு பக்கம் இணைத்தோம். எங்கள் விண்ணப்பத்திலேயே அதிகக் கேள்வி வந்தது அந்தப் பக்கத்துக்குத்தான், எல்லாம் நல்ல கேள்விகள்.

பணம் வந்த பிறகு

தராசு ஒன்று வாங்குங்கள். அறுத்தது எத்தனை கிலோ, எந்த வீட்டுக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று அன்றன்று எழுத வேண்டும். எதில் எழுதுவது என்று யோசிக்க வேண்டாம், ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவாக 555 புத்தகம் கிடைக்கும். ஆண்டு முடிவில் கடைக்காரரின் 555ஐயும் உங்கள் 555ஐயும் பக்கத்தில் வைத்து, பசி மாதத்தில் கடன் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இறங்காவிட்டால் இறங்கவில்லை என்றே எழுதுங்கள். காரணத்தோடு எழுதிய தோல்விக்கு இரண்டாவது முறை பணம் வந்ததைக் கண்டிருக்கிறேன். பூசி மெழுகியதற்கு வந்ததில்லை.

திட்டத்தின் நடுவில் வெள்ளம் வந்துவிட்டால் அந்த வாரமே, தண்ணீர் முழுதும் வடியக் காத்திராமல், தேதி தெரியும் படங்களோடு மானியம் தந்தவர்களுக்கு எழுதுங்கள். வேலைத் திட்டத்தை மாற்றவும் தொகையை வேறு தலைப்புக்கு நகர்த்தவும் எழுத்தில் அனுமதி வாங்கலாம். வாங்காமல் செலவு செய்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் எங்கள் ரசீது ஃபைல் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அதை எடுத்தபோது இட்லி மாவு மாதிரி வந்தது. கடை கடையாகப் போய் மறுபடியும் நகல் வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது மேல்தட்டில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னொரு பிரதி கூலாயில் இருக்கும் மருமகள் வீட்டில்.